மாயன் கோபுரம் பார்க்க ஆசைப்பட்டேன், அப்பா கடாரம் காட்டினார்

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடலாம். ஆனால் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை மறப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கையில் பத்தாயிரம் வெள்ளி கிடைத்தால் எங்கே போவீர்கள்?" காசி என்றார் ஒருவர். சுவிட்சர்லாந்து என்றார் இன்னொருவர். "எங்கேயும் போக மாட்டேன், கடனை அடைப்பேன்" என்றார் ஓர் அக்கா. கடைசியாக வந்த நேயர் கேள்வியை என்னிடமே திருப்பினார். "மெக்சிகோ. மாயன் கோபுரங்களைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

பொய் இல்லை. கல்லூரியில் ஊடகத்துறை படித்தபோது ஒரு வகுப்பில் சிச்சன் இட்சா பற்றிய ஆவணப்படம் போட்டார்கள். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது விமானக் கட்டணம் பார்ப்பேன். பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுவேன். வீட்டுக் கடனும் கார் கடனும் உள்ள யாரைக் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"ஏம்மா, அந்த மாயன் கோபுரம் எவ்ளோ பழசு?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேலப்பா."

"போய்ட்டு வர எவ்ளோ ஆகும்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய கல்லுதானே பார்க்கணும்? நம்ம லிங்கிப் பக்கமே நிக்குது. இருபத்தாறு வருஷம் பக்கத்துல பால் வெட்டினேன், உன்னை ஒரு நாள்கூட கூட்டிட்டுப் போனதில்ல" என்றார்.

அப்பாவுக்கு வயது 68. நெகிரி செம்பிலானில் சிலியாவுக்கும் லிங்கிக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே பால்மரம் வெட்டியவர். 90களின் நடுவில் தோட்டம் விற்கப்பட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. சிரம்பானில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்தோம். அதன் பிறகு அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை. அவ்வழியே கல்யாணம் காரியம் என்று போக நேர்ந்தால்கூட வேறு சாலையில் சுற்றித்தான் போவார். அப்படிப்பட்டவர் தானாக "லிங்கிப் பக்கம்" என்று சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

உயிருள்ள கல்

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் பழைய கஞ்சிலில் கிளம்பினோம். லிங்கிக்கு அருகில் பெங்கலான் கெம்பாஸ் என்ற சிற்றூர். போர்ட்டிக்சனிலிருந்து மலாக்கா போகிறவர்கள் பலர் அதைக் கவனிக்காமலே கடந்திருப்பார்கள். சாலையோரம் ஒரு சிறிய வளாகம். உள்ளே ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் அடக்கத்தலம். கல்லில் உள்ள ஆண்டு 1467 வாக்கில் வருகிறது. மலாக்கா சுல்தான்களின் காலம். அந்தக் கல்லில் ஜாவி எழுத்தும் இருக்கிறது, பழைய காவி வகை எழுத்தும் இருக்கிறது. ஒரே மனிதருக்கு இரண்டு உலகத்து எழுத்து.

பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு மேல் நெடுங்கற்கள் நிற்கின்றன. வடிவத்தை வைத்து வாள், சுக்கான், கரண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் கல்லில் பூவேலைப்பாடும் அரபு எழுத்தில் 'அல்லாஹ்' என்ற சொல்லும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா வட்டாரங்களில் இப்படிப்பட்ட நெடுங்கற்கள் பல இடங்களில் நிற்கின்றன. ஊர் மக்கள் 'பத்து ஹிடுப்' என்பார்கள், உயிருள்ள கல் என்று பொருள். அவை மெல்ல மெல்ல வளர்கின்றன என்பது நம்பிக்கை.

"நம்ம தோட்டத்து முனியாண்டி கல்லு மாதிரியே இருக்குல்ல?" என்றார் அப்பா. எனக்கும் அதே நினைவுதான். மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, வேல் சொருகிய கல். மலாய்க்காரரின் அடக்கத்தலத்தில் நின்றுகொண்டு நாங்கள் முனியாண்டியை நினைத்தோம். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பா பேசாமல் கும்பிட்டார்.

துளையுள்ள ஒரு கல்லும் அங்கே இருக்கிறது. கையை உள்ளே விட்டுப் பொய் சொன்னால் கல் இறுகிக்கொள்ளுமாம். "விட்டுப் பாருங்கப்பா" என்றேன். "வேணாம்மா. காய்ச்சல்னு மண்டோர்கிட்ட சொல்லிட்டு சினிமாவுக்குப் போனதெல்லாம் இருக்கு" என்று பின்வாங்கினார்.

அன்றைய மொத்தச் செலவு பெட்ரோலும் இரண்டு கோப்பை தேத்தண்ணீரும். திரும்பும் வழியில் அப்பாவே கேட்டார்: "இதைவிடப் பழசு எங்க இருக்கு?"

"கெடாவுலப்பா. கடாரம்."

"இராஜேந்திர சோழன் போன கடாரமா? அது பாட்டுல வர்ற ஊருன்னுல்ல நினைச்சேன்!"

நானூறு வெள்ளிக்குள்

பூஜாங் பள்ளத்தாக்கு பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? நான் போனதில்லை. பினாங்குக்கு எத்தனையோ முறை போயும் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குப் போகத் தோன்றவில்லை.

இரண்டு பேருக்கு 400 வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று முடிவு செய்தோம். கஞ்சில் அவ்வளவு தூரம் தாங்காது. சிரம்பானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் போய், அங்கே இரவுப் பேருந்து பிடித்தோம். அப்பாவின் மூட்டுவலிக்காக ஓர இருக்கை. விடியுமுன்பே சுங்கை பட்டாணி வந்துவிட்டது. இந்தக் கணக்கை நான் போட்டிருக்கவில்லை. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. திறந்திருந்த ஒரு கடையில் இரண்டு ரொட்டி சானாயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "பெரட்டுக்கு எழுந்திரிச்ச மாதிரியே இருக்கு" என்றார் அப்பா. விடியற்காலையில் விழிப்பது அவருக்குப் புதிதல்ல.

சுங்கை பட்டாணியில் வேலை செய்யும் உறவுக்காரத் தம்பி தன் கப்சாய் மோட்டாரைக் கொடுத்தான். நான் ஓட்ட, அப்பா பின்னால். பீடோங், செமெலிங், மெர்போக் என்று சாலை நீண்டது. வழியெல்லாம் எதிரே குனோங் ஜெராய் கூடவே வருகிறது. 1,217 மீட்டர் உயரம். கடலில் வரும் கப்பல்களுக்கு அந்த மலைதான் அடையாளம். வங்கக் கடலைத் தாண்டி வந்தவர்கள் அதன் தலையைக் கண்டதும் "வந்தாச்சு" என்று மூச்சு விட்டிருப்பார்கள்.

கூரை இல்லாத கோயில்

மலையடிவாரத்தில், ஓர் ஓடையின் பக்கத்தில் இருக்கிறது புக்கிட் பத்து பகாட் கோயில். அங்கே பழைய கோயில்களை 'சண்டி' என்கிறார்கள். "பேரைப் பார்த்தா சண்டித்தனம் பண்ணும் போலிருக்கே" என்று சிரித்தபடி அப்பா படியேறினார். ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கருங்கல் அடித்தளம். ஒரு பக்கம் கருவறை மேடை, அதற்கு முன்னால் மண்டபம். மண்டபத்தில் வரிசையாகத் தூண் நிறுத்திய கற்கள். அவற்றின் மேல் மரத்தூண்களும் கூரையும் இருந்திருக்க வேண்டும். மரமும் கூரையும் மண்ணாகிவிட்டன, கல் மட்டும் நிற்கிறது. சிவன் கோயிலாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கணக்கு.

1840களில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்த வட்டாரத்துச் சிதைவுகளைப் பற்றி எழுதினார். 1930களின் பிற்பாதியில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் இங்கே முப்பது இடங்கள் வரை அகழ்ந்து எண் கொடுத்தார்கள். இந்தக் கோயிலுக்கு 8ஆம் எண். 1959, 60இல் கற்களை மீண்டும் அடுக்கிச் சீர்செய்தார்கள். 1980இல் பக்கத்திலேயே தொல்பொருள் அருங்காட்சியகம் திறந்தார்கள். வேறு இடங்களில் கிடைத்த கோயில்களையும் பெயர்த்து வந்து இந்த வளாகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெங்கலான் பூஜாங், பெண்டியாட், பெண்டாங் டாலாம் என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். சில செங்கல், சில செம்புரைக்கல். எங்களிடம் நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

அருங்காட்சியகத்தில் அப்பா அதிக நேரம் நின்றது பெரிய சிலைகளின் முன்னால் அல்ல. கல்லில் குடைந்த சிறிய பேழைகளின் முன்னால். கோயிலைச் சீர்செய்தபோது சுவருக்கு அடியில் கிடைத்தவை. உள்ளே செம்புக் கலயமும் மணிகளும் தங்கத் தகடும் வைத்திருந்தார்களாம்.

"இது எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கட்டும்போது பீடத்துக்கு அடியில நவரத்தினம், தங்கத் தகடு எல்லாம் வெச்சோம். ஆளுக்கு ரெண்டு வெள்ளி போட்டு வாங்கினது. நானே குழியில இறக்கினேன்."

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஓடைக்கரையில் யாரோ ஒருவர் செய்ததை என் அப்பா நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் செய்திருக்கிறார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இதற்காக நான் மெக்சிகோ வரை போயிருக்க வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழி

மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன நாசி லெமாக்கைப் பிரித்தோம். தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அந்தக் கதையை அப்பா நூறு முறை சொல்லியிருக்கிறார். இந்த முறை நான் ஒரு கதை சொன்னேன்.

இராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் கடாரத்தைத் தாக்கியது நமக்கெல்லாம் தெரியும். 'கடாரம் கொண்டான்' என்று பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு இருபது ஆண்டுக்குச் சற்று முன்னால் நடந்ததை அதிகம் பேசுவதில்லை. இராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன், நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் இன்று லைடன் செப்பேடுகள் என்று பெயர். ஆக, கெடாவும் நாகையும் சண்டைக்கு முன்பே சம்பந்திகள் மாதிரி கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவை.

"அந்த விகாரம் இப்ப இருக்கா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நாகப்பட்டினத்துல கடைசியா நின்ன பழைய கோபுரத்தை 1867ல இடிச்சிட்டாங்க."

"எங்கப்பா கப்பலேறினப்ப அது இருந்திருக்காதா?"

"இருந்திருக்காது."

அப்பா இலையை மடித்து வைத்தார். எண்ணூறு ஆண்டுக்கு மேல் நின்ற ஒன்றைத் தாத்தா எழுபது ஆண்டு வித்தியாசத்தில் தவறவிட்டிருக்கிறார்.

செம்பனைக்கு நடுவே

பிற்பகலில் சுங்கை பத்து. செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009 முதல் இங்கே தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகள், ஊதுவதற்கான களிமண் குழாய்கள், இரும்புக் கசடு, செங்கல் படகுத்துறை, வட்ட வடிவில் ஒரு செங்கல் மேடை என்று கிடைத்துக்கொண்டே இருந்தன. காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் வரை கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அது எப்படியானாலும், இரும்பு உருக்கிக் கப்பலேற்றிய ஊர் இது. கோயில் மட்டும் இருந்த இடமல்ல. கூலிக்கு வேர்வை சிந்தியவர்களும் இருந்த இடம்.

அப்பா கயிற்றுக்கு வெளியே நின்று செங்கல் வரிசையைப் பார்த்தார். "இது மேல நம்ம மாதிரி ஆளுங்க எத்தனை வருஷம் உரம் போட்டாங்களோ" என்றார்.

இப்படிப்பட்ட நிலங்களில் என்ன நடக்கலாம் என்பதற்கும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே சாட்சி உண்டு. வேல்ஸ் தம்பதி எண் கொடுத்த கோயில்களில் 11ஆம் எண் கோயில் தனியார் நிலத்தில் இருந்தது. மேம்பாட்டுக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அது இடிக்கப்பட்டது. 2013 இறுதியில் செய்தி வெளிவந்ததும் நாடே பேசியது. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் பதிவாகாததே காரணம் என்றார்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத கல்லுக்குச் சட்டம் குடை பிடிப்பதில்லை.

நான் கனவு கண்ட சிச்சன் இட்சாவும் ஒரு காலத்தில் ஒரு தோட்டத்துக்குள்தான் இருந்தது. 1894இல் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் அந்தத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். அந்த நிலத்தை யுகத்தான் மாநில அரசு வாங்கியது 2010இல்தான். உலகமே போய்ப் பார்க்கிற இடத்துக்கே அதுதான் நிலை. யாரும் போய்ப் பார்க்காத கல்லுக்கு யார் பேசுவார்கள்?

எங்கள் கணக்கு

போக நினைப்பவர்களுக்காக எங்கள் செலவை உள்ளபடி சொல்கிறேன், கட்டணங்கள் மாறலாம்.

கொமுட்டர், இருவருக்கும் போகவர: 21 வெள்ளி (மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டையை மறக்காதீர்கள்)
விரைவுப் பேருந்து, இருவருக்கும் போகவர: 172 வெள்ளி
சுங்கை பட்டாணியில் ஓர் இரவு தங்கல்: 85 வெள்ளி
மோட்டாருக்குப் பெட்ரோல்: 10 வெள்ளி
சாப்பாடு, தண்ணீர்: 72 வெள்ளி
மொத்தம்: 360 வெள்ளி

மோட்டார் தர உறவினர் இல்லாதவர்கள் சுங்கை பட்டாணியிலிருந்து கிராப் பிடிக்கலாம். ஆனால் மெர்போக்கில் திரும்புவதற்கு வண்டி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கொண்டுவிடும் ஓட்டுநரிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் சுமை குறையும். பினாங்கிலிருந்து வருகிறவர்களுக்கு பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதை மறக்க வேண்டாம். அருங்காட்சியகத்தின் நேரத்தைப் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். குடை, கொசு மருந்து, வழுக்காத காலணி அவசியம். மழைக்குப் பின் கற்படிகளில் பாசி பிடித்திருக்கும். விடியுமுன் இறக்கிவிடும் பேருந்தில் மட்டும் ஏறாதீர்கள், அது எங்கள் அனுபவப் பாடம்.

ஒரு பாக்கி

திரும்பும் பேருந்தில் அப்பா தூங்கவில்லை. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மெல்லக் கேட்டார். "மிச்சம் எவ்ளோ இருக்கு?"

"நாப்பது வெள்ளிப்பா."

"அதுல பெட்ரோல் போட்டு, நம்ம தோட்டத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வந்துடுவோமா?"

அடுத்த வாரம் போனோம். வாசலில் இருந்த தோட்டப் பெயர்ப் பலகை இல்லை. அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதியின் வளைவு நிற்கிறது. லயங்கள் இருந்த மேட்டில் இரட்டை மாடி வீடுகள். மாரியம்மன் கோயிலை முன்பே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அப்பா குழியில் இறக்கிய தகடு கூடப் போனதா, அங்கேயே கிடக்கிறதா, கேட்பதற்கு ஆள் இல்லை.

பின்பக்கம் சாக்கடையோரப் புதரில் மட்டும் ஒரு சிமென்டுத் தளம் மிஞ்சியிருந்தது. பால் நிறுத்த ஸ்டோரின் தளம். அப்பா அதன் மேல் ஏறி நின்றார். மூட்டுவலி மறந்து நடக்க ஆரம்பித்தார். "இங்க தராசு. இங்க கிராணி உட்கார்ந்திருப்பாரு. இந்தப் பக்கம் வரிசை. அதோ அங்க ஆயாக்கொட்டகை, உன்னைத் தொட்டில்ல போட்டுட்டு உங்கம்மா மரம் வெட்டப் போவா." மண்டபத்தில் தூண் நின்ற இடங்களை நான் எண்ணியதுபோல் அவர் காலால் எண்ணிக்கொண்டே போனார்.

என் தொழில் கைகொடுத்தது. கைப்பேசியை எடுத்துப் பதிவை அழுத்தினேன். 47 நிமிடம். எந்த லயத்தில் யார் இருந்தார்கள், கிணறு எங்கே, முனியாண்டி கல் எந்த மரத்தடியில், திருவிழா கூத்து எந்தத் திடலில் என்று ஒரு தோட்டத்தின் வரைபடமே அதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் கோடு போட்டேன். இரண்டு இடத்தில் அம்மா திருத்தினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். தைப்பிங் பக்கமோ, குளுவாங் பக்கமோ, பகாவ் பக்கமோ ஒரு தோட்டம் அவர் தலைக்குள் அப்படியே இருக்கும். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். திரும்பி வரும்போது பேச ஆரம்பிப்பார்.

மெக்சிகோ ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. மிச்சமான நாற்பது வெள்ளியில் பெட்ரோல் போக இருபது வெள்ளியை அப்பா ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். டின்னின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அவர் கையெழுத்தில் ஒரே சொல்: மாயன்.